அடி போய்ச் சேர்ந்த இடம்

மேலக்கரிசல் தினசரிச் சந்தையை இடித்துவிட்டு அங்கே மூன்று மாடிக் கண்ணாடி சூப்பர் மார்க்கெட் கட்டப்போவதாகக் கம்பெனிக்காரர்கள் போர்டு நட்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து, அந்த ஊரில் ஒருத்தர் அடித்த அடி அடிபட்டவர் உடம்பில் விழாமல், அடித்தவர் யார்மேல் உயிரையே வைத்திருக்கிறாரோ அவர் உடம்பில் போய் விழ ஆரம்பித்தது. போர்டுக்குத் தோண்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்த கீரைக்காரி மாரியாயியைக் கம்பெனி மேஸ்திரி முடியைப் பிடித்துத் தூக்கி ஓர் அறை விட்டான். சத்தம் வெங்காய மண்டி வரைக்கும் கேட்டது, மாரியாயிக்கோ கொசு கடித்த வலிகூட இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் சாத்தூரிலிருந்து மேஸ்திரியின் அம்மா வந்து இறங்கினாள், ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் மூடியிருந்தது. "யாரைடா அடிச்ச? சோறு வடிச்சுக்கிட்டு நின்னவ பானையோட போய் விழுந்தேன். உன் மோதிரத் தடம் பதிஞ்சிருக்கு பாரு" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். எல்லோரும் பார்த்தார்கள், மோதிரத் தடம் பதிந்துதான் இருந்தது.

ஊர் இதற்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அதற்குப் பிறகு, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதுபோல ஆக வேண்டியதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நூற்று நாற்பது கடைக்காரர்களும் மனு கொடுத்தார்கள், கறுப்புக்கொடி கட்டினார்கள், கடையை அடைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கலைக்க வந்த போலீஸ்காரர்கள் இருபது பேர் லத்தியால் விளாசி முடித்து வீட்டுக்குப் போனால், பெண்டாட்டி பிள்ளைகள் முதுகெல்லாம் வரிவரியாகக் கன்றிக் குப்புறக் கிடந்தார்கள், ஓர் ஏட்டு அடித்த அடி மட்டும் இன்னோர் ஏட்டின் மனைவி தொடையில் விழுந்திருந்தது, அந்தக் கதையை ஊர் மூன்று மாதம் வைத்துத் தின்றது. அப்புறம் போலீஸ் ஜீப் சந்தைப் பக்கம் வந்தால் ஹாரன் அடிப்பதோடு சரி. கம்பெனி லாரியில் ஏற்றி அனுப்பிய அடியாட்கள் சைக்கிள் செயினும் உருட்டுக்கட்டையுமாக ஒரு பகல் முழுக்கச் சந்தையைப் புரட்டிப் போட்டார்கள். தராசு உடைந்தது, தக்காளி ஆறாக ஓடியது, ஓர் ஆளுக்கும் ஒரு கீறல் இல்லை. சாயங்காலத்துக்குள் அவர்களுடைய செல்போன்கள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. ஒருத்தனுடைய ஆறு வயது மகளுக்குப் பள்ளிக்கூடத்து மணலில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் சில்லு தெறித்துவிட்டிருந்தது. அவன் சந்தை நடுவில் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுதபோது, அவனிடம் அடிவாங்கிய பெண்களே சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

வீடுகளுக்குள் நடந்ததுதான் பெரிய கூத்து. பெண்டாட்டியை அறைந்தால் எதிர்வீட்டுக்காரிக்குக் கன்னம் வீங்கியது. மூன்று குடும்பம் அதிலேயே பிரிந்தது. மாமியாரை விளக்குமாற்றால் சாத்திய மருமகள் ஒருத்தி, தான் பெற்ற பிள்ளை வீறிட்டதைக் கேட்டு விளக்குமாற்றையே அடுப்பில் வைத்தாள். மாரியாயியின் புருஷன் அடித்தால் மட்டும் அது மாரியாயி உடம்பிலேயே விழுந்தது. ஒன்று, அவனுக்கு யார்மேலும் பிரியமில்லை, அதனால் அடி போக இடமில்லாமல் அடித்த இடத்திலேயே விழுகிறது. இல்லாவிட்டால் அவன் உயிரை வைத்திருப்பதே இவள்மேல்தான். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கச் சந்தைப் பெண்கள் ஒரு வழி சொன்னார்கள், அவனை வேறு யாரையாவது அடிக்கச் சொல். அவன் பரோட்டாக் கடைக்காரனை ஒரு குத்து விட்டான். பரோட்டாக் கடைக்காரனுக்கே மூக்கு உடைந்தது. மாரியாயி அன்றைக்கே அவனுடைய இரண்டு சட்டையையும் தெருவில் எறிந்து கதவைச் சாத்திக்கொண்டாள், அவன் அன்றைக்கு ராத்திரியே ஊரைவிட்டுப் போய்விட்டான்.

ஆட்டுக்கறிக் கடை காசிம் ராவுத்தர் கோபத்தில் ஓர் ஆளைத் தள்ளியபோது, ஏழு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அவருடைய மனைவி மைமூனின் கபரில் மண் ஒரு சாண் உள்ளே இறங்கியது. அவர் போய் அதைக் கையால் நிரவிவிட்டு வந்து, அதற்குப் பிறகு ஆட்டைத் தவிர எதன்மேலும் கை ஓங்கவில்லை. சந்தைப் போராட்டக் கமிட்டித் தலைவர், வெங்காய மண்டி வையாபுரி, தன் கணக்கப்பிள்ளையை அடித்தால் அடி அவர் கன்னத்திலேயே விழுந்தது. உயிருக்கு உயிராக அவர் நேசித்தது தன்னைத்தான் என்று ஊர் சிரித்தது, அவரும் கூடச் சேர்ந்து சிரித்துச் சமாளித்தார்.

சந்தைக்குள் குடல் குழம்புச் சோறு போடுகிற சீனியம்மாளுக்கு மட்டும் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. புருஷன் செத்துப் பத்தொன்பது வருஷமாக அந்தத் தகரக் கொட்டகைதான் அவளுக்கு வீடும் வாசலும். அது போனால் போக்கிடம் கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள், சாப்பிட்டுவிட்டுத் தகராறு செய்த ஒரு குடிகாரனை அவள் இரும்புக் கரண்டியால் நெற்றியில் ஒன்று போட்டாள். போட்ட பிறகுதான் நினைவு வந்து, பதறிப்போய்த் திருப்பூரில் இருக்கும் மகள் தங்கமாரிக்குப் போன் செய்தாள். மகள் கொட்டாவி விட்டபடி நல்லாத்தான் இருக்கேன் என்றாள். ஊருணிக் கரைக்குப் போய்ப் புருஷனைப் புதைத்த இடத்தைப் பார்த்தாள், மண் அலுங்காமல் கிடந்தது. திரும்பி வந்தால், அந்தக் குடிகாரன் நெற்றியில் கரண்டி வட்டமாகப் பதிந்து ரத்தம் கட்டி நின்றது. தனக்கு இந்த உலகத்தில் யார்மேலும் பிரியமில்லை என்பது சீனியம்மாளுக்கு அப்படித்தான் தெரிய வந்தது. அவள் அழவில்லை, வெட்கப்பட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் மகளுக்கு நெற்றி வீங்கிவிட்டது என்று பொய் சொன்னாள். குடிகாரனின் நெற்றியைக் கவனித்த ஒரே ஆள் வையாபுரிதான், அவர் அதை மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.

கம்பெனி மேனேஜருக்கும் அப்போது அப்படி ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. யாருமில்லாத அடியாள் வேண்டும் என்று ஜில்லா ஜில்லாவாகத் தேடினார், எனக்கு நாதியே கிடையாது என்று சத்தியம் செய்தவர்கள் அறுபது பேரைக் கொண்டுவந்து சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒவ்வொருத்தனையும் ஒரு கூலியாளை அடிக்கவிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் யாரோ ஒருத்தர் இருந்தார்கள். ஒருத்தனுக்கு எப்போதோ பிரிந்துபோன தங்கச்சி. ஒருத்தனுக்கு ஒரு நொண்டி நாய். அறுபத்தோராவதாக வந்தவன் அடித்ததும் கூலியாளுக்கே தாடை கழன்றது. ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ஒரு டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையாகக் கிடந்ததால் அவனுக்கு ஜோலார் என்றே பேர், முப்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வியாபார நேரத்தில் ஜோலார் இரும்புக் குழாயோடு சந்தைக்குள் வந்தான். இனி அடி நம்மேல் விழாது என்று பழகிப்போயிருந்த சனம் அவனைப் பார்த்து ஓடக்கூட இல்லை, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. முதல் அடியில் காசிம் ராவுத்தரின் வலது கை இரண்டாக ஒடிந்து தோலில் தொங்கியது. வாழைக்காய்க் கடைக்காரரின் பற்கள் வாழைக்காய்மேல் சிதறின, பூக்கட்டுகிற பெண்ணின் விரல்கள் ஒரே அடியில் நசுங்கின, ஓடியவர்களை அவன் துரத்தவில்லை, எதிரில் நின்றவர்களை மட்டும் கதிர் அறுக்கிற நிதானத்தில் அடித்துக்கொண்டே போனான், அவன் முகத்தில் கோபமென்று ஒன்றும் இல்லாததுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அரை மணி நேரத்தில் பதினோரு பேர் எலும்பு முறிந்து கிடந்தார்கள். மேனேஜர் மைக் பிடித்து, பன்னிரண்டு நாள் கெடு, வெள்ளிக்கிழமை இயந்திரம் வரும், அன்றைக்கு எவர் நின்றாலும் ஜோலார் பார்த்துக்கொள்வான் என்றார்.

கமிட்டி வெங்காய மண்டியில் கூடியது. மேலக்கரிசல் சந்தையில் மொத்த வியாபாரத்தை வாயால் பேசுவதில்லை. தரகர் தன் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார், வாங்க வந்தவர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை சொல்வார், சொன்னது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும், துண்டுக்குள் நடந்ததை அப்புறம் யாரும் கேட்பதுமில்லை. அந்த வழக்கத்தை வையாபுரி ஓர் ஆளின் உயிருக்கும் கொண்டுவந்தார். ஒரு விரலைப் பிடித்தால் ஜோலாரிடம் பேசி ஊரைவிட்டு அனுப்பப் பார்ப்பது, முழுக் கையையும் பிடித்தால் முடித்துவிடுவது. கட்டுப்போட்ட கையோடு வந்த ராவுத்தர், மாரியாயி, சீனியம்மாள் உட்படக் கமிட்டி ஆட்கள் பதினான்கு பேரும் ஆளுக்கொரு முறை துண்டுக்குள் கை விட்டார்கள். வையாபுரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பூராப் பேரும் முழுக் கையத்தான் பிடிச்சிருக்கீக" என்றார்.

யார் செய்வது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் விஷம் வைத்தாலும் அது வைத்தவரின் பிரியமான ஆளைத்தான் போய்ச் சேரும். வையாபுரி எல்லோருக்கும் முன்னால் சீனியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். "சீனியம்மா, உன் மக நெத்தியில ஒண்ணும் வீங்கல, எனக்குத் தெரியும். அதைக் குத்தமாச் சொல்லல தாயி. சாமியாப் பாத்து உன்னய ஒருத்தியத்தான் விட்டு வச்சிருக்கு."

பதினான்கு பேர் தன்னைத் திரும்பிப் பார்த்ததில் அவள் உடம்பு கூசிப்போனது. "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

விஷத்தை முதல் நாளே வைத்தால் சந்தேகம் வரும், தினமும் சாப்பிட்டுப் பழக்கட்டும், கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தால் போதும் என்று ஏற்பாடு. ஆளைக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை, மறுநாளே அவனாகப் பசியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பாதி இலையில் எழுந்து ஓடினார்கள். சீனியம்மாள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். தலையைக் குனிந்து இலையை வழித்துத் தின்றுவிட்டு அப்படியே எழுந்தான்.

"ஏய், இலைய மூடிட்டுப் போ. சாப்பாடு பிடிச்சிருந்தா நம்ம பக்கமா மடிக்கணும்."

"யாரும் சொன்னதில்ல" என்றான். நின்று யோசித்து, திரும்பி வந்து மடித்தான். பிறகு அவளையே பார்த்து, "நீ அடிச்சா எங்க விழும்?" என்று கேட்டான்.

ஊரில் யாரிடமும் சொல்லாத உண்மையை இவனிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. "அடிச்ச எடத்துலயேதான் விழுது."

"எனக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு அவளுக்கு எதனாலோ நெஞ்சு லேசாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வந்தான். பதினோரு பேரை ஒடித்தவன் என்பது அவளுக்கு மறக்கவில்லை, ராவுத்தரின் கட்டுப்போட்ட கையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் குடலை மூன்றாவது தண்ணீரிலும் அலசினாள், மிளகைக் கையால் தட்டிப் போட்டாள், அவன் வர ஐந்து நிமிஷம் பிந்தினால் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு நாள் கொட்டகையின் ஒழுகும் தகரத்தை யாரும் கேட்காமல் மேலே ஏறி மாற்றிப் போட்டான். இடிக்கப்போகிற கொட்டகைக்கு எதுக்குடா இது என்றாள். "வெள்ளிக்கிழமதானே இடிக்கப்போறாக. நாளைக்கு மழ பெய்யும்" என்றான். நீ எங்கேயாவது போய்விடேன் என்று அவள் ஒரு முறை, ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "கூலி வாங்கிட்டேன் யக்கா" என்றான். அக்கா என்று அவன் முதல்முதலாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வையாபுரி அரைத்த அரளி விதையை ஒரு தூக்குவாளியில் போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். அவள் கண்ணை மூடி மகளை நினைத்தாள். இது தங்கமாரிக்குப் போய்விடுமோ என்று ஒரு பயம் வந்தால் நல்லது, வைக்காமல் விட்டுவிடலாம். எவ்வளவு நேரம் காத்திருந்தும் அந்தப் பயம் வரவில்லை. அவளுக்குக் கொட்டகை வேண்டும், சந்தை வேண்டும், வெளியில் நூற்று நாற்பது குடும்பம் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார வரிசை கட்டிக்கொண்டிருந்தது. குழம்பில் கலந்து, இலை போட்டு, இன்றைக்கு மிளகு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிப் பரிமாறினாள். அவன் கடைசிப் பருக்கை வரை தின்று, இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்துவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு மணிக்கு இயந்திரம் வந்தது. ஜோலார் இந்நேரம் எங்கேயாவது சுருண்டு விழுந்திருப்பான் என்ற தைரியத்தில் வையாபுரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்றார், பக்கத்தில் மாரியாயி. இயந்திரத்துக்கு முன்னால் ஜோலார் நடந்து வருவதைப் பார்த்ததும் அவருக்கு வேட்டி நனைந்தது. ஜோலாருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் கை தடுமாறவில்லை. குழாய் வையாபுரியின் தோளில் இறங்கியது. ஐயோ என்று அலறிக் கீழே விழுந்தவர், வலி வரும் வரும் என்று காத்திருந்து, வராததால் எழுந்து உட்கார்ந்தார். ஜோலார் ஒன்றும் விளங்காமல் இரண்டாவது அடியை மாரியாயியின் விலாவில் போட்டான். மாரியாயி அசையாமல் நின்றாள். அப்போதுதான் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பாத்திரம் உருண்டு விழுகிற சத்தமும், அதற்குப் பின்னால் ஒரு பெண் முனகுகிற சத்தமும் கேட்டன.

சீனியம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். வலது காறையெலும்பு முறிந்து தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது, விலா உள்வாங்கி வாயில் ரத்தம் வந்தது. முதல் அடி விழுந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் வளர்த்த மகளால் ஆகாதது பன்னிரண்டு வேளைச் சோற்றில் ஆகியிருந்தது. எலும்பு முறிந்த அந்த நிமிஷத்தில் அவள் சந்தோஷப்பட்டாள், அடுத்த நிமிஷம் குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

ஜோலார் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். இயந்திரத்தை ஓட்டியவன் அதைப் பார்த்ததும், வீட்டில் இருக்கும் தன் கைக்குழந்தையை நினைத்துச் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். இனி அடிக்கவோ இடிக்கவோ கம்பெனிக்கு ஓர் ஆள் இல்லை. மேனேஜர் காரில் ஏறினார், அவர் திரும்பி வரவே இல்லை, அந்தப் போர்டில்தான் இன்றைக்கும் மாரியாயி கீரைக்கட்டு அடுக்குகிறாள். சந்தை முழுக்க வெடி வெடித்தது.

கொட்டகைக்குள் ஜோலார் அவள் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் போனவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே சரிந்தான். வாயில் நுரை தள்ளியது.

"என்ன மன்னிச்சிரு சாமி, சோத்துல நான்தான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"கசந்துச்சு யக்கா" என்றான் அவன். "சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று அவள் கத்தினாள். போலீஸ் கேஸ் ஆகும் என்று வையாபுரி மெல்லச் சொன்னார், ஆட்டோக்காரர்கள் வெடி வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில் அவனால் கை ஒடிந்த காசிம் ராவுத்தர்தான் ஒற்றைக் கையால் கறி வண்டியை உருட்டிக்கொண்டு வந்து அவனை ஏற்றினார். சந்தை வாசலைத் தாண்டுவதற்குள் அவன் முடிந்துபோனான். ராவுத்தர் வண்டியைத் திருப்பிக் கொட்டகைக்கே கொண்டுவந்து, அவனை இறக்கி அரிசிச் சாக்கின்மேல் கிடத்தினார்.

வாழைக்காய் வண்டிக் கட்டையை அண்டக் கொடுத்துக் கட்டிய தோளோடு சீனியம்மாள் எழுந்து நின்றாள். கமிட்டியில் இருந்த ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, துண்டுக்குள் எத்தனை விரல் பிடித்தாய் என்று கேட்டாள். ராவுத்தர் ஒரு விரல் என்றார். மாரியாயி பிள்ளைமேல் சத்தியம் செய்து ஒரு விரல் என்றாள். பன்னிரண்டு பேர் ஒரு விரல் என்றார்கள், பதிமூன்றாவது ஆளும் அழுதுகொண்டே அதையே சொன்னார். முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தவள் சீனியம்மாள் ஒருத்திதான்.

"எத்தன பேர் முழுக் கைய பிடிச்சாக அண்ணாச்சி?" என்று வையாபுரியைக் கேட்டாள்.

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய கேக்குறது நம்ம சந்தையில வழக்கமில்ல சீனியம்மா" என்றார் அவர், கையில் லட்டுத் தட்டோடு. "ஜெயிச்சுட்டோம்ல. விடு."

அவள் இடது கையால் இரும்புக் கரண்டியை எடுத்து, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவர் நெற்றியில் போட்டாள். தட்டு தெறித்து லட்டு உருண்டது. வையாபுரி நெற்றியைத் தடவினார், பொட்டுக் குங்குமம்கூடக் கலையவில்லை. அடி எங்கே போனது என்று சனம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. யாரோ திருப்பூருக்குப் போன் போடச் செல்போனை எடுத்தார்கள்.

"வேண்டாம்" என்றாள் மாரியாயி. அவள் அரிசிச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்துக் கிடந்த ஜோலாரின் நெற்றியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரண்டி வட்டமாகப் பதிந்து கன்றிச் சிவந்து எழும்பியது.

வையாபுரியை இரண்டாவது முறை அடிக்க ஓங்கியிருந்த கையைச் சீனியம்மாள் மெதுவாகக் கீழே இறக்கினாள். இனி அவள் யாரை அடித்தாலும் அவன்மேல்தான் விழும்.